‘மற்றும் பலர்’ என்று போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்பேட்டையில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. நான் தராசைப் பிடித்தே நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. உங்கள் நாளிதழை நான் இரண்டு தடவை படிக்கிறவன். காலையில் டீக்கடையில் ஒரு தடவை. இரண்டு மூன்று மாதம் கழித்து அதே பேப்பர் கட்டாக எடைக்கு வரும்போது இன்னொரு தடவை. அதற்குள் பெரிய செய்தியெல்லாம் ஆறிப்போயிருக்கும். உள்பக்கத்து நாலு வரிச் செய்திகள்தான் கண்ணில் படும். அப்படிக் கண்ணில் பட்ட ஒன்றைப் பற்றித்தான், ஆடியவர்கள் பெயரைப் போடாமல் ‘மற்றும் பலர்’ என்று முடித்த ஒரு விளையாட்டுச் செய்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு இணைப்பிதழில் பழைய பொருள்களுக்கு வந்திருக்கிற மவுசு பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் 1952-ஆம் வருடத்து அட்டை ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனதை எழுதியிருந்தீர்கள். நம் பணத்தில் நூறு கோடி. உள்ளங்கையில் அடங்குகிற அட்டை அது.

அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைப் போட்டது டாப்ஸ் என்கிற பபிள்கம் கம்பெனி. 1952 அட்டையில் கடைசியாக வந்த பெட்டிகள் விற்காமல் தங்கி, வருடக்கணக்கில் கிடங்கை அடைத்துக்கொண்டு கிடந்தன. 1960-ல் அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்ததாக, அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்கர் என்பவரே சொல்லியிருக்கிறார். கொட்டியதில் மேன்டிலும் இருந்தார், யாரும் பெயர் கேட்டிராத ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். எடைக்கு வாங்கி எடைக்கு விற்கிற எனக்கு, அதைக் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது.

என்னிடமும் பேஸ்பால் அட்டைகள் இருக்கின்றன. 118 அட்டைகள். மேன்டில் இல்லை. ஒன்றிரண்டைத் தவிர மீதி அத்தனையும், சேகரிப்பவர்கள் ‘காமன்ஸ்’ என்று ஒதுக்கித் தள்ளுகிற சாதாரண ஆட்டக்காரர்களுடையவை. முப்பது வருடமாக அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

1994-ல் ஏற்காட்டில் ஒண்டிக்கடையைத் தாண்டி உள்ளே ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள். பாட்டியம்மா தவறிவிட்டார், வீட்டை விற்றாகிவிட்டது, இருக்கிற காகிதம், புத்தகம், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, மறுநாள் பிரித்துப் போடும்போது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. துருப்பிடித்த மூடியை நெம்பித் திறந்தால் உள்ளே கட்டுக் கட்டாகப் படங்கள். தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், கறுப்பினத்தவர்கள், கையில் உருட்டுக் கட்டை மாதிரி ஒரு மட்டை. அடுத்த தடவை மேலே போனபோது வாட்ச்மேனைக் கேட்டேன். “அது பேரன் சமாச்சாரமுங்க. அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வரும்போது கொண்டாந்து போட்டுட்டுப் போனது” என்றார்.

ஏற்காட்டு மூடுபனி லேசுப்பட்டதில்லை. டப்பாவுக்குள்ளும் ஈரம் இறங்கி, நாலைந்து அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிய்த்தால் முகம் போய்விடும். சேலம் டெலிபோன் டைரக்டரி ஒன்று கடையில் கிடந்தது. அதன் ஏடுகளுக்கு நடுவே ஒவ்வொரு கற்றையாக வைத்து, மேலே ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்தேன். மூன்று நாளைக்கு ஒரு முறை ஏடு மாற்றினேன். பங்குனி வெயில் தகரக் கூரையில் அடித்து உள்ளே இறங்கியதில், இரண்டு வாரத்தில் அட்டைகள் தானாகவே விட்டுக்கொடுத்தன. ஒரே ஒரு அட்டைக்கு மட்டும் மூலையில் காது போய்விட்டது.

எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். கடைக்குப் பழைய புத்தகம் தேடி வருகிற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சாயங்காலங்களில் உட்கார்ந்து அட்டையின் முதுகைப் படித்துச் சொல்வார். எனக்கு உண்மையில் பிடித்துப்போனது அந்த முதுகுப் பக்கம்தான். ஆளின் முழுப் பெயர். உயரம் இத்தனை அடி இத்தனை அங்குலம், எடை இவ்வளவு. பிறந்த தேதி, பிறந்த ஊர், இப்போது இருக்கிற ஊர். வலது கையால் அடிப்பவரா, இடது கையால் எறிபவரா. அதற்குக் கீழே வருடவாரியாக ஒரு கணக்கு. பெரிய லீக்கில், அதாவது அந்த நாட்டின் முதல்நிலைப் போட்டியில், சொற்ப ஆட்டமே ஆடியவராக இருந்தால், அதற்கு முன்னால் எந்தெந்தச் சின்ன ஊர் அணிக்கு எந்தெந்த வருடம் ஆடினார், என்ன செய்தார் என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். பெரிய ஆட்டக்காரருக்கும் அதே அளவு அட்டைதான், அதே எழுத்துதான். இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். தட்டுவடை செட்டுக்குக் கிழித்துக் கொடுக்கிற பேப்பர் துண்டை விடச் சின்னது. அதில் ஒரு மனிதரை முழுசாக எழுதிவிட்டார்கள்.

அந்த 118-ல் எனக்கு உயிரான அட்டை ஒன்று. 1982-ல் வந்தது. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் ‘வருங்கால நட்சத்திரங்கள்’ என்று மூன்று இளைஞர்களை ஒரே அட்டையில் போட்டிருக்கிறார்கள். பாப் பானர், கால் ரிப்கென், ஜெஃப் ஷ்னைடர். ரிப்கெனைப் பற்றி உலகத்துக்கே தெரியும். ஒரு நாள் கூட ஓய்வெடுக்காமல் தொடர்ந்து 2,632 ஆட்டங்கள் ஆடியவர். அவருக்குத் தொண்டர்கள் கூட்டம் இருக்கிறது. மற்ற இருவர்? ஷ்னைடர் பெரிய லீக்கில் பந்து எறிந்தது மொத்தம் 11 ஆட்டங்கள், 1981-ல் மட்டும். பானர் நாலு வருடத்தில் 61 ஆட்டங்கள்.

பானர் ஷார்ட்ஸ்டாப். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நின்று தடுக்கிற ஆள். 1982 ஜூலையில் ஓரியோல்ஸ் மேனேஜர் ரிப்கெனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்புறம் வருடக்கணக்கில் வேறு யாருக்கும் அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. ஒரே அட்டையில் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கிற பையன் நம் இடத்துக்கு வரப் போகிறான் என்று படம் எடுத்த அன்றைக்குப் பானருக்குத் தெரிந்திருக்காது. அவர் பிற்பாடு ஆட்டத்தை விட்டு மிஷனரியாக ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவுக்குப் போனார். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் என் மகள் வயிற்றுப் பேரன். போனில் தேடித் தேடி ஒவ்வொரு அட்டைக்கும் ஆள் என்ன ஆனார் என்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். இதுவரை எழுபது பேர் ஆகியிருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். ரிப்கென் அட்டையை மட்டும் கொடுங்கள், ஐயாயிரம் தருகிறேன் என்றார். “இதில் மூன்று பேர் இருக்காங்க சார். நீங்க ஒருத்தருக்குத்தானே விலை சொல்றீங்க?” என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த மூன்று பேரும் சேர்ந்து ஆடிய ஒரு ஆட்டம் இருக்கிறது. 1981 ஏப்ரல் 18-ஆம் தேதி ராத்திரி, ரோட் ஐலண்டு மாநிலத்தில் பாட்டக்கெட் என்ற ஊர். பாட்டக்கெட் அணிக்கு எதிராக, ராச்செஸ்டர் அணிக்காக ஆடினார்கள். இரண்டுமே மைனர் லீக் அணிகள், அதாவது பெரிய லீக்குக்குக் கீழ்ப்படியில் இருப்பவை. பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ். சமமாக இருந்தால் முடிவு தெரியும்வரை ஆடிக்கொண்டே போக வேண்டும். அன்றைக்கு அது முடியவே இல்லை. குளிர் தாங்காமல் உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். விடியற்காலை 4 மணி 7 நிமிடத்துக்கு, 32 இன்னிங்ஸ் ஆடி முடித்த நிலையில் நிறுத்தினார்கள். மைதானத்தில் மீதி இருந்த ரசிகர்கள் 19 பேர். ஈஸ்டர் ஞாயிறு விடிந்துவிட்டது. மறுபடி ஜூன் 23-ஆம் தேதி கூடி, 33-வது இன்னிங்ஸை ஆடினார்கள். 18 நிமிடத்தில் முடிந்தது. பாட்டக்கெட் 3, ராச்செஸ்டர் 2. வெற்றி ஓட்டத்துக்கு அடித்தவர் டேவ் கோஸா. அவர் பெரிய லீக்கில் ஒரு ஆட்டம் கூட ஆடியதில்லை.

அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையைப் பேரன் போனிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். ராச்செஸ்டரில் டல்லஸ் வில்லியம்ஸ் என்று ஒருவர். அவர் பெயருக்கு நேரே, மட்டை பிடித்த தடவை 13 என்றும் ஹிட் இருக்க வேண்டிய இடத்தில் 0 என்றும் இருக்கிறது. விடிய விடிய நின்று, இரண்டு மாதம் கழித்தும் வந்து நின்று, ஒன்று கூடப் படவில்லை. அந்த ஆளையும் விடாமல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும். அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி.

நம் பக்கத்திலும் இந்தப் பழக்கம் இருந்தது. எடைக்கு வந்த ஒரு பழைய கட்டில் 1972-73 ரஞ்சி இறுதிப் போட்டியின் ஸ்கோர் முழுசாகக் கிடைத்தது. சேப்பாக்கத்தில் பம்பாய்க்கு எதிராக நாம் தோற்றது. பம்பாய் 151, 113. நாம் 80, 61. சிவல்கர் என்ற பம்பாய் சுழற்பந்து வீச்சாளர் நம்மைச் சுருட்டிவிட்டார். அவரும் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் கூட ஆடாதவர். ஆனால் நம் ஆள் பி. கல்யாணசுந்தரம் அந்த ஆட்டத்தில் ஹாட்ரிக் எடுத்திருக்கிறார். ரஞ்சி இறுதிப் போட்டியில் அதுவரை யாரும் எடுத்ததில்லை. அடுத்த ஹாட்ரிக் 2017 டிசம்பரில், விதர்பாவின் ரஜ்னீஷ் குர்பானி எடுத்தபோதுதான் வந்தது. கல்யாணசுந்தரம் இந்தியத் தொப்பி போடவில்லை. சேலத்தில் இன்றைக்குக் கிரிக்கெட் ஆடுகிற பையன்களைக் கேட்டால் ஒருவனுக்கும் அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அந்தப் பேப்பர் தாளில் அவர் இருந்தார், எனக்குக் கிடைத்தார்.

நம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி வாங்கினார். அவர் ஐபிஎல் சட்டையில் ‘ஜேபி நட்டு’ என்று போட்டுக்கொண்டாரே, கவனித்தீர்களா? ஜேபி என்பது தன்னைத் தூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷ் பெயர். தன் முதுகில் இன்னொருத்தர் பெயருக்கு இடம் கொடுத்த அந்தப் பையனை எனக்கு அதற்காகவே ரொம்பப் பிடிக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் தம்பி கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தான். நெருப்பில் ஊதி ஊதிப் பொடி வைத்துப் பற்றவைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இடது கையால் பந்து வீசுவான். 1983-ல் காந்தி ஸ்டேடியத்தில் ஒரு லீக் ஆட்டம். மேட்டிங் விரித்து ஆடுவார்கள். அவனுடைய அணி ஜெயித்தது, மறுநாள் ஒரு நாளிதழில் செய்தி வந்தது. தம்பி காலையிலேயே ஐந்து பேப்பர் வாங்கிக்கொண்டு வந்தான். கடையில் பேப்பர் மலையாகக் கிடக்கிறது, அவன் காசு கொடுத்து ஐந்து வாங்கி வந்தான்! பிரித்துப் பார்த்தால், 88 ரன் எடுத்தவர் பெயர் இருந்தது. அதற்கு அப்புறம் ‘மற்றும் பலர் சிறப்பாக ஆடினர்’ என்று இருந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தையும் மடித்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான். அந்த மடிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

2009-ல் தம்பி போய்விட்டான். நுரையீரல். இரண்டு வருடம் கழித்து, அந்த அணியை நடத்தியவர் வீட்டிலிருந்து ஒரு சாக்கு வந்தது. அதில் அணியின் ஸ்கோர் புத்தகம். அட்டை போய், கரையான் ஓரத்தை அரித்திருந்தது. 1983 பக்கத்தைத் தேடி எடுத்தேன். தம்பி பெயர் முதலெழுத்தோடு பென்சிலில் இருந்தது. பேட்டிங்கில் ஒன்பதாவது ஆள், அவுட் ஆகாமல் 0. பந்துவீச்சில் 7 ஓவர், 2 மெய்டன், 19 ரன், 3 விக்கெட். ரன்னே கொடுக்காத மெய்டன் ஓவர் என்றால் ஸ்கோரர் ஆறு புள்ளிகளையும் கோடு இழுத்துச் சேர்த்து ‘எம்’ எழுத்து மாதிரி ஆக்குவார். தம்பி பெயருக்கு நேரே அப்படி இரண்டு. பென்சிலை நன்றாக அழுத்தி இழுத்திருக்கிறார். ஏட்டைத் திருப்பித் தடவினால் பின்பக்கம் விரலில் தட்டுப்படுகிறது. என் தம்பி அன்றைக்கு என்ன செய்தான் என்பதை இருபத்தெட்டு வருடம் கழித்து அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அவன் சொன்னதே இல்லை.

சரி, இது பழைய கதை. போன மாதம் எடைக்கு வந்த உங்கள் பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன். நம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் நடந்த டென்னிஸ் பந்து போட்டி, இறுதி ஆட்டம். ஜெயித்த ஊர் பெயர் இருக்கிறது, பரிசுத் தொகை இருக்கிறது. மேடையில் இருந்த ஒன்பது பேரின் பெயரும் பதவியோடு இருக்கிறது. படத்தில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு குந்தியிருக்கிற பதினொரு பேரில் ஒருவன் பெயர் இல்லை. ‘மற்றும் பலர் கலந்துகொண்டனர்’ என்று முடிகிறது. அந்தப் பையன்களின் வீட்டில் அன்றைக்கு யார் யார் எத்தனை பேப்பர் வாங்கினார்களோ என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இடம் இல்லை என்று சொல்வீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். நான் அளந்து பார்த்தேன். இரண்டு அணி, 22 பேர், முதலெழுத்தோடு, ரன்னும் விக்கெட்டும் சேர்த்துப் பொடி எழுத்தில் அடுக்கினால் ஒரு பத்தியில் ஐந்து சென்டிமீட்டர் போதும். அந்தப் பக்கத்திலேயே மேடைப் படம் அதைப் போல இரண்டு மடங்கு இடம் எடுத்திருக்கிறது. மேடையில் இருந்தவர்களை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பந்தல் போட்டு, சாப்பாடு போட்டு, கோப்பை வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு ஆடியவர்கள் பெயரையும் போடுங்கள் என்று கேட்கிறேன். பூஜ்யத்தில் அவுட் ஆனவன் பெயரையும் சேர்த்து. அவன்தான் முக்கியம், ஏனென்றால் அவன் பெயர் இன்னொரு தடவை வருவதற்கு வாய்ப்பே இல்லாமல் போகலாம்.

உங்கள் நிருபர்களுக்கு இது கூடுதல் வேலை என்பதும் தெரியும். போட்டி நடத்துகிறவர்களிடம் ஸ்கோர் தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள். வெள்ளாளகுண்டத்திலிருந்து மேச்சேரி வரைக்கும் எந்த ஊரிலும் ஒரு பையன் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறான். கபடிக்கும் வாலிபாலுக்கும் இதே மாதிரி செய்யலாம். பெண்கள் அணி என்றால் கட்டாயம் செய்யுங்கள். பெண் பிள்ளை ஆடியதற்கு வீட்டில் வேறு எந்தத் தடயமும் மிஞ்சுவதில்லை. கல்யாணமாகிப் போகும்போது கோப்பையைப் பரணில் போட்டுவிடுகிறார்கள், பிறகு அது என்னை மாதிரி கடைக்கு எடைக்கு வருகிறது. நான் வாங்கியிருக்கிறேன். இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தும் அனுப்பியிருக்கிறேன்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டைக் காலி செய்யும்போது ஸ்கோர் புத்தகம், போட்டி நோட்டீஸ், பின்னால் பெயர் எழுதிய குரூப் போட்டோ கிடைத்தால் மற்ற பேப்பரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். தனியாக எடுத்து வையுங்கள். கட்டுக்குள் போய்விட்டால் மில்லுக்குப் போய்க் கூழாகிவிடும். எல்லாக் கட்டையும் பிரித்துப் பார்க்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. நானே தினமும் எத்தனையைத் தவற விடுகிறேனோ.

இத்துடன் தனித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். 1983 காந்தி ஸ்டேடியம் ஆட்டத்தில் ஆடிய இரண்டு அணிக்காரர்களின் பெயரும், அவரவர் ரன்னும் விக்கெட்டும், புத்தகத்தில் இருக்கிறபடியே பேரனை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். நாற்பது வருடத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது, இருந்தாலும் ஒரு மூலையில் இடம் கிடைத்தால் போடுங்கள். எதிரணியில் இரண்டு பெயர் கரையான் அரித்ததில் போய்விட்டன. அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறோம். அதில் ஒருவர் தம்பி எடுத்த மூன்றாவது விக்கெட். ஆறாவதாக இறங்கி 14 ரன் எடுத்திருக்கிறார், ‘போல்டு’ என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. அவரோ, அவரைத் தெரிந்தவர்களோ இதைப் படித்தால் ஒரு நடை கடைக்கு வந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போகட்டும். ஸ்கோர் புத்தகம் கல்லாப்பெட்டிக்குக் கீழேதான் இருக்கிறது. பென்சிலும் சீவி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பழைய பேப்பர் வியாபாரி,
செவ்வாய்பேட்டை, சேலம் - 2.
(என் பெயர் முதலெழுத்தோடு அந்தத் தனித்தாளின் அடியில் இருக்கிறது; தம்பிக்கு அண்ணன் என்று.)